வெள்ளிக் குடத்தில் வைத்த தண்ணீர் கிருமியற்றதாகுமா?

பழங்காநத்தத்தார்:
எங்கள் வீட்டில் பாட்டி காலத்து வெள்ளிக் குடம் ஒன்று உள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீரை இரவு முழுவதும் அதில் ஊற்றி வைத்தால் போதும், வடிகட்டி தேவையில்லை என்கிறார் அத்தை. கடைக்காரரோ ‘நானோ வெள்ளி’ எனும் மிக நுண்ணிய வெள்ளித் துகள் சேர்த்த வடிகட்டியைப் பரிந்துரைக்கிறார். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?

திருமங்கலம் வேதியியல் ஆசிரியை:
கிருமியைக் கொல்வது உலோக வெள்ளி அன்று. அதன் பரப்பிலிருந்து நீரில் கரையும் வெள்ளி அயனியே, அதாவது மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுவே. அது பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, செல் சவ்வையும் சுவாச நொதிகளையும் செயலிழக்கச் செய்கிறது. மிக நுண்ணிய அளவு உலோகமே உயிரணுக்களை அழிப்பதைப் பற்றி சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் நேகெலி எழுதியது 1893இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, பிறந்த குழந்தையின் கண்ணில் 2 விழுக்காடு வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுவிட்டுப் பார்வையிழப்பைத் தடுக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் கிரெடே கொண்டுவந்திருந்தார். தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் இவ்வழியில் வந்ததே.

ஆகவே அத்தையின் சொல் ஆதாரமற்றது அன்று. ஆனால் நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்பாக இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு, கரைந்துவரும் சொற்ப வெள்ளி அயனியையும் கரையாத வெள்ளி குளோரைடாக மாற்றிவிடும். குடம் கறுத்திருந்தால், அந்தக் கறுப்பு அறவே கரையாதது எனத்தக்க வெள்ளி சல்பைடு, அதிலிருந்து அயனி வெளிவருவது அரிது. எவ்வளவு அயனி வெளிவந்தது என்பதை வீட்டில் அளக்க முடியாத நிலையில், குடத்தை மட்டும் நம்பி அந்த நீரைக் குழந்தைக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தெற்காவணி மூல வீதி:
வெள்ளிச் சாமான் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பழைய குடங்களின் பற்றவைப்பில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் கலந்திருக்கக்கூடும். பூசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரவெல்லாம் குடிநீர் ஊற்றி வைக்க வேண்டாம்.

குடிநீர்ப் பொறியாளர்:
நானோ வெள்ளி என்பது 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகள். ஒரே எடைக்குப் பரப்பு பன்மடங்கு மிகுவதால் அயனி சீராக வெளிவருகிறது. குடத்துக்கும் வடிகட்டிக்கும் உள்ள வேறுபாடு அதுதான். 2009இல் வந்த டாடா ஸ்வச் வடிகட்டியில் உமிச் சாம்பலின் மேல் இத்துகளைப் பதித்திருந்தார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினரும் இத்துறையில் நெடுநாள் உழைத்திருக்கிறார்கள். எனினும் உப்பையோ ஃபுளோரைடையோ வெள்ளி நீக்காது. அவற்றுக்கு நீர்ப் பரிசோதனை செய்து, உப்பை நீக்கும் ஆர்ஓ வடிகட்டி தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளி என்பதே இந்தியத் தர வரம்பு. நுண்ணிய வெள்ளித் துகள் மிதக்கும் நீரை, ‘கூழ்ம வெள்ளி’ என்று புட்டியில் விற்கப்படுவதை, மருந்தெனக் குடிப்பது முற்றிலும் வேறு விஷயம். நாளடைவில் தோல் நீலச் சாம்பல் நிறமாகிவிடும், அந்த நிறம் பெரும்பாலும் மீளாது.