கூகுள் ஆட்ஸ்: ரிப்போர்ட்டில் 391 கன்வர்ஷன், கடைக்கு வந்த போன் ஐந்து. எங்கே தப்பு?

கேமராகடை_கோவை:

வணக்கங்க. கோவையில் சிசிடிவி பொருத்திக் கொடுக்கிற கடைக்கு கூகுள் ஆட்ஸ் ஓடுது. ஒரு சர்ச் கேம்பைன் (கூகுள்ல தேடறவங்களுக்குக் காட்டற விளம்பரத் தொகுப்பு), அதுக்குள்ள ஒரே ஆட் குரூப் (கீவேர்டும் விளம்பரமும் சேர்ந்த பிரிவு). இரண்டு வாரக் கணக்கு இது:

நாள் பட்ஜெட் ₹600. மொத்தம் 640 கிளிக், செலவு ₹7,496, கிளிக்குக்கு சராசரி ₹11.71. பிட்டிங் (ஒரு கிளிக்குக்கு எவ்வளவு ஏலம் கேக்கறதுங்கற முறை) 'மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸ்'. கன்வர்ஷன்னா விளம்பரம் பார்த்து வந்தவர் நாம எதிர்பார்க்கிற செயலைச் செய்யறது. கீவேர்ட் (எதைத் தேடினா விளம்பரம் வரணும்ங்கற சொல்): சிசிடிவி, சிசிடிவி கேமரா, சிசிடிவி சர்வீஸ், செக்யூரிட்டி கேமரா. எல்லாம் ஆங்கில எழுத்துல, எந்தக் குறியும் போடாம. லேண்டிங் பேஜ் (கிளிக் பண்ணினா திறக்கற பக்கம்) வெப்சைட்டோட முகப்புதான்.

ரிப்போர்ட் 391 கன்வர்ஷன்னு காட்டுது. வந்த போன் 5. அதுல 2 பேர் வேலை கேட்டவங்க.

போட்டிக் கடைக்காரங்க கிளிக் பண்ணிப் பண்ணிக் காசைத் தீர்க்கிறாங்களோன்னு சந்தேகமா இருக்கு. ஒரு நாள் ₹1,140 போயிருக்கு, நான் வெச்சது 600தானே? பட்ஜெட்டை ஆயிரமாக்கினா சரியாகுங்களா?

ஏலக்கணக்கு:

பட்ஜெட்டில் கை வைக்காதீங்க. ஓட்டைக் குடத்தில் தண்ணீரைக் கூட்டி ஊற்றின மாதிரிதான் ஆகும்.

₹1,140 பற்றி: அது விதிப்படிதான். நாள் பட்ஜெட் என்பது சராசரி. தேடல் அதிகமாக உள்ள நாளில் இரண்டு மடங்கு வரை, அதாவது உங்களுக்கு ₹1,200 வரை எடுக்கும். குறைவான நாளில் விட்டுப்பிடிக்கும். மாதத்துக்கு உச்சவரம்பு நாள் பட்ஜெட் × 30.4. உங்கள் கணக்கில் ₹18,240. அதைத் தாண்டி வசூலிக்காது.

கன்வர்ஷனுக்கும் போனுக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது போட்டியாளரை இல்லை, கன்வர்ஷன் என்று எதை எண்ணுகிறது என்பதை. மூன்று விஷயம் எடுத்துப் போடுங்க:

1. கோல்ஸ் → கன்வர்ஷன்ஸ் → சம்மரி. அங்கே 'பிரைமரி' (பிட்டிங் கணக்கில் எடுத்துக்கொள்வது) என்று இருப்பது எது?
2. கேம்பைன் பட்டியலில் செக்மென்ட் → நெட்வொர்க் போட்டு, கிளிக்கும் செலவும்.
3. சர்ச் டெர்ம்ஸ் (மக்கள் உண்மையில் தேடிய சொற்கள்) ரிப்போர்ட்டில் அதிகம் செலவான பத்து.

கேமராகடை_கோவை:

எடுத்துட்டேங்க.

பிரைமரின்னு ஒண்ணுதான் இருக்கு: 'பேஜ் வியூ'. கணக்கு செட் பண்ணிக் கொடுத்தவர் போட்டது.

கூகுள் சர்ச் 148 கிளிக், ₹5,032. சர்ச் பார்ட்னர்ஸ் (கூகுளோட சேர்ந்த மத்த தளங்கள்ல தேடறது) 62 கிளிக், ₹744. டிஸ்பிளே நெட்வொர்க் (மத்த வெப்சைட், ஆப்ல வர்ற விளம்பரம்) 430 கிளிக், ₹1,720.

சர்ச் டெர்ம்ஸ்: சிசிடிவி கேமரா, சிசிடிவி கேமரா பிரைஸ், வி380 ப்ரோ ஆப் டவுன்லோட், சிசிடிவி கோர்ஸ் இன் கோயம்புத்தூர், ஹைக்விஷன் டிவிஆர் பாஸ்வேர்ட் ரீசெட், சிசிடிவி டெக்னீஷியன் ஜாப்ஸ், சிசிடிவி இன்ஸ்டாலேஷன் நியர் மீ, பல்ப் கேமரா, டிவிஆர் பீப் சவுண்ட், சிசிடிவி லோகோ. (டிவிஆர்னா கேமரா படத்தைப் பதியற பெட்டி.)

ஏலக்கணக்கு:

விடை இதிலேயே இருக்கிறது. பக்கம் திறந்தாலே கன்வர்ஷன் என்று எழுதி வைத்துவிட்டு, 'கன்வர்ஷனைக் கூட்டு' என்று மெஷினிடம் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்தைத் திறக்கிற ஆள் எங்கே மலிவு என்று அது தேடிப் போனது. டிஸ்பிளேயில் ₹4க்கு ஒரு ஆள் கிடைக்கிறார். மொபைல் ஆப்பில் விளம்பரத்தின் மேல் விரல் தவறிப் பட்டாலும் பக்கம் திறக்கும், அதுவும் கன்வர்ஷன்தான். மெஷின் சொன்னதைச் செய்தது, சொன்னதுதான் தப்பு.

640 என்ற எண்ணை மறந்துவிடுங்க. உண்மையில் கூகுளில் எதையோ தேடி வந்தவர்கள் 148 பேர், அவர்களிலும் பாதிப் பேர் ஆப்புக்கும் வேலைக்கும் வந்தவர்கள். கிளிக் விலையும் ₹11.71 இல்லை, தேடலில் ₹34. சராசரி உங்களை ஏமாற்றியிருக்கிறது.

செய்ய வேண்டியது, இதே வரிசையில்:

கேம்பைனைத் தற்காலிகமாக நிறுத்தி வைங்க. செட்டிங்ஸ் → நெட்வொர்க்ஸ் போய் டிஸ்பிளே, சர்ச் பார்ட்னர்ஸ் இரண்டு டிக்கையும் எடுங்க. புதுசாக சர்ச் கேம்பைன் ஆரம்பிக்கும்போது இந்த டிக்குகள் தானாகவே விழுந்திருக்கும், பலர் கவனிப்பதில்லை.

லொகேஷன்ஸ் → லொகேஷன் ஆப்ஷன்ஸ் திறங்க. இயல்பாக 'பிரசென்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்' இருக்கும். அதாவது கோவையில் இருப்பவர் மட்டுமல்ல, எங்கேயோ உட்கார்ந்து கோவை பற்றித் தேடுகிறவருக்கும் காட்டும். 'பிரசென்ஸ்' மட்டும் என்று மாற்றுங்க. கடையைச் சுற்றி வட்டம் போடுவதானால் 3, 4 கி.மீ. என்று சுருக்காதீங்க. மொபைல் இணைப்பில் இருப்பிடம் அவ்வளவு துல்லியமாகக் கிடைக்காது, நல்ல ஆட்களும் வட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். நீங்கள் உண்மையில் வண்டி எடுத்துப் போகிற தூரத்தை வைங்க.

பிறகு பேஜ் வியூவை 'செகண்டரி' ஆக்குங்க. அழிக்க வேண்டாம், எண்ணிக்கை தெரியட்டும், பிட்டிங் மட்டும் அதைப் பார்க்கக் கூடாது. அதன் இடத்தில் உண்மையான இரண்டு செயல்கள்: போன் எண்ணைத் தட்டுவது, வாட்ஸ்அப் பட்டனைத் தட்டுவது. டேக் மேனேஜரில் (வெப்சைட்டில் டேக் எனும் கண்காணிப்புக் குறியீடுகளை வைக்கும் கூகுள் கருவி) இதற்கு 'ஜஸ்ட் லிங்க்ஸ்' ட்ரிகர் (லிங்க்கைத் தட்டியதும் டேக்கை ஓட்டும் நிபந்தனை) இரண்டு. ஒன்றுக்கு லிங்க் 'டெல்:' என்று தொடங்க வேண்டும், மற்றதில் வாட்ஸ்அப் முகவரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆட்ஸ் கன்வர்ஷன் டேக். கூடவே 'கன்வர்ஷன் லிங்கர்' டேக் எல்லாப் பக்கத்திலும் ஓடணும், இல்லாவிட்டால் கிளிக்கையும் கன்வர்ஷனையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் எண்ணிக்கை குறையும். கவுன்ட் என்ற இடத்தில் 'ஒன்'. 'எவ்ரி' வைத்தால் ஒருத்தர் மூன்று தடவை தட்டினால் மூன்று என்று எண்ணும்.

பக்கத்தில் போன் எண் வெறும் எழுத்தாகவோ படமாகவோ இருந்தால் இது எதுவும் வேலை செய்யாது. லிங்க்காக இருக்க வேண்டும்.

சொல்வலை:

செட்டிங்ஸ் அவர் சொல்லிவிட்டார். நான் கீவேர்டுக்கு வருகிறேன், பணம் பெரும்பாலும் போனது அங்கேதான்: ₹5,032.

குறி இல்லாமல் போட்ட கீவேர்ட் பிராட் மேட்ச், அதாவது தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் காட்டும். 'சிசிடிவி' என்று ஒற்றைச் சொல்லை பிராடில் போட்டால் லோகோவும் வரும், பாஸ்வேர்டும் வரும். இரட்டை மேற்கோள் போட்டால் ஃபிரேஸ் (அந்தத் தொடரின் பொருள் அடங்கிய தேடல்), சதுர அடைப்பு போட்டால் எக்ஸாக்ட். எக்ஸாக்ட் என்றாலும் எழுத்துக்கு எழுத்து அல்ல, அதே பொருள் தரும் தேடலையும் சேர்த்துக்கொள்ளும். இப்போதைக்கு பிராட் ஒன்றுகூட வேண்டாம்.

ஆட் குரூப்பை வாங்குகிறவரின் தேவையை வைத்துப் பிரியுங்கள்.

புதிதாகப் பொருத்த: "சிசிடிவி இன்ஸ்டாலேஷன்", "சிசிடிவி கேமரா ஃபிட்டிங்", "சிசிடிவி டீலர்ஸ்", [சிசிடிவி இன்ஸ்டாலேஷன் கோயம்புத்தூர்], [சிசிடிவி இன்ஸ்டாலேஷன் நியர் மீ].

ரிப்பேர்: "சிசிடிவி சர்வீஸ்", "சிசிடிவி ரிப்பேர்", "டிவிஆர் ரிப்பேர்".

இரண்டுக்கும் தனி விளம்பரம், தனிப் பக்கம். ரிப்பேர் தேடி வந்தவரை முகப்பில் இறக்கினால் நாலு கேமரா செட் விலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) வேண்டுமானால் மூன்றாவதாக வைக்கலாம். தேடல் குறைவு, ஆனால் கேட்கிறவர்கள் அலுவலகம், அபார்ட்மென்ட்.

நெகட்டிவ் கீவேர்ட் (இவற்றைத் தேடினால் விளம்பரம் வரக் கூடாது): ஜாப், ஜாப்ஸ், வேகன்ஸி, சேலரி, கோர்ஸ், கோர்சஸ், டிரெய்னிங், இன்ஸ்டிட்யூட், ஆப், டவுன்லோட், பாஸ்வேர்ட், ரீசெட், லோகோ, அமேசான், ஃபிளிப்கார்ட், பல்ப். ஒருமையும் பன்மையும் இரண்டையும் போட்டிருப்பதைக் கவனியுங்கள். சாதாரண கீவேர்ட் தானாக விரியும், நெகட்டிவ் அப்படி விரியாது. 'ஜாப்' மட்டும் போட்டால் 'ஜாப்ஸ்' உள்ளே வந்துவிடும். தமிழ் எழுத்திலும், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியும் 'வேலை' சேருங்கள்.

'பிரைஸ்', 'விலை' இரண்டையும் நெகட்டிவில் போடாதீர்கள். விலை கேட்கிறவர்தான் வாங்குகிறவர். 'பீப் சவுண்ட்' கூட எனக்கு யோசனைதான். ஹார்ட் டிஸ்க் போனால் டிவிஆர் கத்தும், அந்த ஆள் ரிப்பேருக்குக் கூப்பிடலாம். ரிப்பேர் குரூப்பில் சில நாள் விட்டுப் பாருங்கள்.

முதல் மாதம் வாரம் இரண்டு முறை சர்ச் டெர்ம்ஸ் பாருங்கள். எல்லாத் தேடலும் அதில் தெரியாது. மிகச் சிலரே தேடிய சொற்களை 2020 செப்டம்பரிலிருந்து மறைக்கிறார்கள். தெரிகிற செலவையும் மொத்தச் செலவையும் ஒப்பிட்டால் மறைந்திருப்பது எவ்வளவு என்று புரியும்.

ரோபோபிட்:

கன்வர்ஷன் சரி செய்தாச்சே, மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸிலேயே விட்டுவிடலாமே? ஸ்மார்ட் பிட்டிங்கை (ஏல விலையை மெஷினே முடிவு செய்யும் முறை) நிறுத்தி நிறுத்திப் போட்டால் அது கற்றுக்கொள்ளவே முடியாது. பிராட் மேட்சையும் இவ்வளவு திட்ட வேண்டியதில்லை, சரியான கன்வர்ஷன் இருந்தால் அதுவும் நன்றாகவே ஓடும்.

ஏலக்கணக்கு:

டேட்டா இருந்தால் ஒப்புக்கொள்வேன். இங்கே இருக்கிற டேட்டா முழுக்கப் பேஜ் வியூ. உண்மையான கன்வர்ஷன் சுழியத்திலிருந்து தொடங்குகிறது, நாளுக்கு ₹600ல் வாரத்துக்கு ஏழெட்டு வந்தாலே அதிகம். அந்த நிலையில் மெஷின் ஒரே கிளிக்குக்கு ₹150 கொடுத்தாலும் தடுக்க வழியில்லை. நான் செய்வது: முதலில் 'மேக்ஸிமைஸ் கிளிக்ஸ்', கூடவே மேக்ஸிமம் சிபிசி வரம்பு (ஒரு கிளிக்குக்கு உச்ச விலை). 30 நாளில் 30 உண்மையான கன்வர்ஷன் சேர்ந்த பிறகு மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸ், அதற்கும் பிறகு டார்கெட் சிபிஏ (ஒரு கன்வர்ஷனுக்கு இவ்வளவு செலவு என்று இலக்கு வைப்பது). 30 என்பது கட்டாய விதி இல்லை, என் அளவுகோல்.

வரம்பை எப்படிப் போடுவது என்றால், லாபத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். நாலு கேமரா வேலையில் கூலி, பொருள் எல்லாம் போக ₹4,000 நிற்கிறது என்று வைப்போம். நாலு போனில் ஒன்று வேலையாகிறது என்றால் ஒரு போனின் மதிப்பு ₹1,000. பத்து கிளிக்குக்கு ஒரு போன் என்றால் ஒரு கிளிக் ₹100. அதையே கொடுத்தால் லாபம் முழுக்க விளம்பரத்துக்குப் போகும், பாதியை உங்களுக்கு வைத்துக்கொண்டால் ₹50. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ரிப்பேருக்கு இது மிகக் குறைவாக வரும்.

கேமராகடை_கோவை:

ரொம்ப நன்றிங்க. டிக் எல்லாம் எடுத்தாச்சு, டேக் போட்டுட்டு இருக்கேன். மூணு சந்தேகம். எதிர்க்கடைக்காரர் ₹80 வெச்சா என் ₹50 எடுபடுமா? அந்தக் கிளிக் திருட்டு விஷயம் என்னதான்? தமிழ்ல விளம்பரம் எழுதினா தலைப்புக்கு இடம் பத்தலைன்னு சொல்லுது, எழுத்தை எண்ணிப் பார்த்தா 23தான் இருக்கு?

ஏலக்கணக்கு:

இடம் பிடிப்பது பிட் மட்டும் அல்ல, ஆட் ரேங்க். பிட், விளம்பரத்தின் தரம், பக்கத்தின் தரம், தேடுகிறவரின் சூழல் எல்லாம் சேரும். அவர் 'சிசிடிவி' என்று பொதுவாகப் போட்டு முகப்பில் இறக்கினால், நீங்கள் குறைந்த பிட்டிலும் மேலே வரலாம். பிட் ₹50 என்றால் ஐம்பதும் போகும் என்றில்லை, உங்கள் இடத்தைத் தக்கவைக்கத் தேவையான அளவுதான் எடுக்கும்.

கீவேர்ட் பட்டியலில் குவாலிட்டி ஸ்கோர் (கீவேர்டின் தர மதிப்பெண்) நெடுவரிசையும் அதன் மூன்று உறுப்புகளின் நெடுவரிசைகளும் சேருங்கள். 10க்கு இத்தனை என்பதைவிட, எது 'பிலோ ஆவரேஜ்' (சராசரிக்குக் கீழ்) என்பதுதான் பயன்படும். லேண்டிங் பேஜ் என்று வந்தால்: முதல் திரையிலேயே போன் பட்டன், எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள் (பீளமேடு, சிங்காநல்லூர், சரவணம்பட்டி என்று பெயர் போட்டு), தொடக்க விலை. ஐந்து எம்பி படம் நகர்கிற ஸ்லைடரைத் தூக்குங்கள்.

கிளிக் திருட்டு நடக்காது என்று சொல்ல மாட்டேன். நெடுவரிசைகளில் 'இன்வாலிட் கிளிக்ஸ்' (செல்லாத கிளிக்குகள்) சேர்த்துப் பாருங்கள், அவற்றுக்குக் காசு எடுப்பதில்லை. பிறகு கண்டுபிடித்தால் கணக்கில் திரும்ப வரவு வைப்பார்கள். ஐபி முகவரியைத் தடுக்க வசதி உண்டு, ஒரு கேம்பைனுக்கு 500 வரை. ஆனால் மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபியைப் பல பேர் பகிர்வார்கள். ஒரு ஆளைத் தடுக்கப் போய் வாடிக்கையாளரைத் தடுப்பீர்கள். எதிர்க்கடையின் நிலையான பிராட்பேண்ட் ஐபி உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். இதைவிட, விளம்பரம் வருகிறதா என்று நீங்களும் கடைப் பையன்களும் தினமும் கூகுளில் தேடுவதை நிறுத்துங்கள். கிளிக் இல்லாத இம்ப்ரெஷன் (விளம்பரம் தோன்றுவது) கூடி சிடிஆர் (தோன்றியதில் கிளிக் ஆன விகிதம்) இறங்கும். அதற்கென்று 'ஆட் பிரிவியூ அண்ட் டயக்னோசிஸ்' கருவி இருக்கிறது.

சொல்வலை:

தமிழ்த் தலைப்புக்கு: வரம்பு 30. ஆனால் உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றையும் தனி எழுத்தாக எண்ணும். 'சி' என்பது நமக்கு ஒன்று, அதற்கு இரண்டு. 'சிசிடிவி கேமரா பொருத்துதல் கோயம்புத்தூர்' நம் கணக்கில் இடைவெளி சேர்த்து 23, அதன் கணக்கில் 40. 'கோவையில் சிசிடிவி பொருத்த' என்று எழுதுங்கள், 25தான் ஆகும். 'கோயம்புத்தூர்' என்ற ஒரு சொல் மட்டுமே 13ஐ விழுங்கும். விவரணை வரிக்கு 90, அங்கே நெருக்கடி குறைவு.

ரெஸ்பான்சிவ் விளம்பரத்தில் 15 தலைப்பு, 4 விவரணை வரை தரலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே விளம்பரத்தில் கலக்காதீர்கள், மெஷின் எதை எதோடு வேண்டுமானாலும் சேர்க்கும். தமிழ் எழுத்துக் கீவேர்டுக்குத் தனி ஆட் குரூப், அதில் தமிழ் விளம்பரம். மொழி செட்டிங் உங்கள் கணக்கில் தெரிந்தால் அதில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் டிக் இருக்கட்டும்.

தலைப்பில் பிராண்ட் பெயர் வைக்கும்போது கவனம். கீவேர்டாகப் பயன்படுத்தலாம், ஆனால் டிரேட்மார்க் உரிமையாளர் புகார் கொடுத்திருந்தால் விளம்பர வரியில் வரும்போது தடுக்கப்படலாம்.

ரோபோபிட்:

ஒன்று விட்டுப்போனது. ரெக்கமண்டேஷன்ஸ் → ஆட்டோ அப்ளை (கூகுளின் பரிந்துரைகள் தானாக அமலாவது) திறந்து எல்லா டிக்கையும் எடுங்கள். இல்லையென்றால் நீக்கிய பிராட் மேட்ச் ஒரு நாள் தானாகத் திரும்பி வந்திருக்கும். சந்தேகம் வந்தால் சேஞ்ச் ஹிஸ்டரியில் யார் மாற்றியது என்று தெரியும்.

முன்பணம் கட்டி ஓட்டுவதானால் ஜிஎஸ்டியையும் கணக்கில் வையுங்கள். 18% உள்ளடங்கியதால் ₹10,000 கட்டினால் விளம்பரத்துக்கு நிற்பது ₹8,474.58. பில்லிங் புரொஃபைலில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணை ஏற்றினால்தான் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும்.