பாரதக் கூத்து: ஒரு நாள்தான் வர முடியும், எந்த நாள் வரலாம்?

தாம்பரத்துக்காரர்:
செய்யாறு பக்கம் நண்பரின் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. மத்தியானம் பாரதம் படிப்பது, கடைசிப் பத்து ராத்திரி கூத்து என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. எனக்கு ஒரு நாள்தான் லீவு, பத்து வயது மகளும் வருகிறாள். காலையில் வந்து, துரியோதனன் வீழும் படுகளம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா?

வந்தவாசி பக்கம்:
போதாதுங்க. முந்தின ராத்திரியே வந்துவிடுங்கள். அன்றைக்குப் பதினெட்டாம் போர், பாரதப் போரின் கடைசி நாள் கூத்து. விடிய விடிய ஆடிய துரியோதனனும் பீமனும் வேஷம் கலைக்காமல் அப்படியே படுகளத்துக்கு வருவார்கள். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவனைச் சுற்றிச் சுற்றி ஓடித்தான் சண்டை. கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான், அங்கே வைத்திருக்கும் சிவப்பு நீர் தெறிக்கும், அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலிக்குக் கூந்தல் முடிவது. சாயங்காலம் தீமிதி. ராத்திரி துரியோதனன் பாடிய பாட்டைக் கேட்காமல் காலையில் வந்தால், அங்கே கிடப்பது வெறும் மண் பொம்மைதான்.

வேஷம் வருவதை மகளுக்குக் காட்டுங்கள். இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், அவ்வளவுதான் தெரியும். உள்ளிருந்து விருத்தப் பாட்டு வரும், கூடவே முகவீணை என்கிற சின்ன நாயனம். திரை விலகியதும் தோளில் கட்டிய புஜக்கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டுகள் பளபளக்க ஒரு சுழற்சி! கூத்துக்குப் பேர்போன புரிசையும் பெருங்கட்டூரும் இந்தப் பக்கத்து ஊர்கள்தான். ஒரு அடி பிசகினாலும் கண்டுபிடிக்கிற சனம் தரையில் உட்கார்ந்திருக்கும்.

ஆரணி அக்கா:
பிள்ளையோடு வருவதென்றால் நான் அர்ச்சுனன் தபசைத்தான் சொல்வேன். உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிபடியாக ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதியெல்லாம் வீசுவார். பிள்ளை வரம் கேட்பவர்கள் ஈரப்புடவையோடு கீழே மடியேந்தி இருப்பார்கள். என் நாத்தனார் அப்படி உட்கார்ந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மடியில் பழம் விழுந்ததும் அவள் அழுத அழுகையில் எங்களுக்கும் கண் கலங்கிவிட்டது.

வந்தவாசி பக்கம்:
அக்கா சொல்வதும் சரிதான், லீவு அன்றைக்குக் கிடைத்தால் தபசுக்கே வாருங்கள். பாஞ்சாலி துகிலுரியும் கூத்து ராத்திரிக்கு வந்தால் மட்டும் பாதியில் எழுந்து போகாதீர்கள். எங்கள் ஊரில் துச்சாதனன் புடவையில் கை வைக்கும் முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரரே அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் தொடுவார்.

தாம்பரத்துக்காரர்:
சரி, பதினெட்டாம் போருக்கே வருகிறோம். எங்கே உட்காருவது? போட்டோ எடுக்கலாமா?

வந்தவாசி பக்கம்:
வாத்தியக்காரர்களுக்குப் பக்கவாட்டில் பாய் போடுங்கள், வேஷம் ஓடிவரும் வழி மட்டும் வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம் வந்தால் கொட்டகையில் அரிதாரம் பூசுவதையும் பாப்பா பார்க்கலாம். அங்கே படம் எடுக்க கூத்துக் குழுவை நடத்தும் ஜமா வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு ஒரு போர்வை எடுத்து வாருங்கள்.