புகாரே சொல்லாத குடித்தனக்காரர்

(வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களும் குடியிருப்பவர் ஒருவரும் புனைபெயரில் பேசிக்கொண்டது.)

மேல்மாடி:
மூன்று வருடம் ஒரு புகார்கூட வரவில்லை. வாடகை ஒன்றாம் தேதியே வந்துவிடும். "தங்கமான ஆள் கிடைச்சிருக்கார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் காலி செய்த அன்று படுக்கையறை மர அலமாரியை நகர்த்தினோம். பின்பலகை கையோடு வந்துவிட்டது. சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக நின்றது. விரலால் அழுத்தினால் பூச்சு பொடியாக உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. பிளம்பர் டைல்ஸை உடைத்துப் பார்த்தார். ஷவர் வால்வுக்கு வரும் குழாயில், குழாயை வளைத்து இணைக்கும் எல்போ சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். நிதானமாக ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. நொடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, லிட்டர் கணக்கில் தண்ணீர். எந்தச் சுவர் தாங்கும்?

வந்த கோபத்தில் "ஏன் சார், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன். "சொன்னேனே சார், வந்த முதல் வருஷமே." போனில் தேடினேன். இருந்தது. "பாத்ரூம் பக்கத்துச் சுவர் லேசா ஈரமா இருக்கு சார்." அதற்குக் கீழே என் பதில்: "பார்க்கலாம்."

அன்றைக்கே பார்த்திருந்தால் அரை நாள் வேலை. இப்போது பூச்சு, டைல்ஸ், அலமாரி, போதாததற்குச் சுவர் காயும் வரை வீடு இரண்டு மாதம் காலி.

இரண்டு வீடு:
காலி மாதம் என்றதும் என் புத்திசாலித்தனம் ஞாபகம் வருகிறது. குடித்தனம் மாறும்போது வாடகையை 5 சதவீதம் ஏற்றிக் கேட்டேன். பழைய வாடகைக்கே வருகிறோம் என்று ஒரு குடும்பம் வந்தது, விடவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் கேட்ட தொகைக்கே ஆள் வந்தார். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன்: விட்டுப்போன இரண்டு மாத வாடகையை அந்த 5 சதவீதத்தை வைத்து மீட்க 40 மாதம் ஆகும். அவர் 14-வது மாதமே காலி செய்துவிட்டார்.

கடனில் வீடு வாங்கப் போகிறவர்கள் வருடத்துக்கு 12 மாத வாடகை என்று போடாதீர்கள், 11 போடுங்கள். அதிலும் ரிப்பேருக்குக் கொஞ்சம் கழியுங்கள். அப்போதும் தவணை கட்ட முடிந்தால் வாங்கலாம்.

பழைய சாவி:
மேல்மாடி சார், ஆள் மாறும் நாளில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் பொடி கரைத்துவிட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கோப்பையில் கலர் இறங்கினால் வால்வு போச்சு என்று அர்த்தம். என் வீட்டில் இறங்கியது.

குடியிருப்பவன்:
நான் அந்தப் பக்கத்து ஆள். முந்தைய வீட்டில் சமையலறை சிங்க் ஒழுகியது. முதல் தடவை சொன்னதற்கு "சரி" என்றார். இரண்டாம் தடவை "நீங்க வந்த பிறகுதானே?" என்றார். மூன்றாம் தடவை யார் சொல்வார்கள்? முன்பணம் அவர் கையில். அடுத்த வீடு தேடும்போது அவர் நம்மைப் பற்றி நல்லபடியாகச் சொல்லவும் வேண்டும். பேசாமல் அடியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டேன்.

இப்போது இருக்கிற வீட்டுக்காரம்மா வேறு மாதிரி. குடிவந்த அன்றே அறை அறையாகக் கூட்டிப்போனார். கழன்ற ஜன்னல் கொக்கி, டைல்ஸில் கீறல், மீட்டர் எண், எத்தனை சாவி, எல்லாவற்றையும் இரண்டு பேர் போனிலும் படம் எடுத்துக்கொண்டோம். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டி, என்னையே ஒரு தரம் மூடித் திறக்கச் சொன்னார். வருடத்துக்கு இரண்டு தடவை, நமக்குத் தோதான நாளைக் கேட்டுக்கொண்டு வருவார். வந்தால் சிங்க் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். முதலில் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது, வேவு பார்க்கிறாரோ என்று. ஒருமுறை விரல் ஈரமாக வந்தது. மறுநாள் காலை பிளம்பர் வாசலில் நின்றார். அதற்குப் பிறகு எதைச் சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை.

மேல்மாடி சார், ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அவருடைய முன்பணத்தைக் கொடுத்தீர்களா?

மேல்மாடி:
கொடுத்தேன் தம்பி. பிடித்துக்கொள்ளத்தான் முதலில் நினைத்தேன், மறைக்கவில்லை. ரசீதையெல்லாம் அடுக்கிக் கணக்கும் எழுதிவிட்டேன். மனைவி என் போனை வாங்கி அந்த "பார்க்கலாம்"ஐப் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆணி அடித்த ஓட்டை, வெளிறிய பெயிண்ட் எல்லாம் மனிதர் புழங்கினால் வருவது, அதற்கும் பணம் பிடிக்கவில்லை. உடைந்த ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் கழித்தேன். அதையும் அவரேதான் கூப்பிட்டுக் காட்டினார்.