.308 துப்பாக்கித் தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து: குச்சியா, உருண்டையா?

நடுப்புள்ளி:
.308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி (ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் திறக்கும் வகை), 24 அங்குலக் குழல், 175 கிரெயின் (சிறு எடை அலகு) மேட்ச் குண்டு. தோட்டாவை நானே நிரப்புகிறேன். 600 கெஜத்தில் தாள் இலக்கு, எஃப் கிளாஸ் போட்டி மட்டும், வேட்டை கிடையாது. கடையில் வார்கெட், ஐஎம்ஆர் 4064, சிஎஃப்இ 223 மூன்றும் இருக்கின்றன. துகள் வடிவத்தில் முதல் இரண்டும் குச்சி மருந்து, மூன்றாவது உருண்டை. எதை வாங்கலாம்?

தராசுமுள்:
வார்கெட். கிடைக்காவிட்டால் 4064.

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கும் குண்டுக்கும் மருந்தின் எரிவேகம் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். எச் 4198 போல வேகமாக எரிவதைப் போட்டால் குண்டு நகரத் தொடங்கும்போதே அழுத்தம் உச்சிக்குப் போய்விடும். 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்த வரம்பு வந்துவிடும், எதிர்பார்த்த வேகம் வந்திருக்காது. எச் 4831 போல மெதுவானதைப் போட்டால் கூடு நிரம்பி வழிந்தாலும் போதாது. ஒரு பங்கு எரியாமலே குழல்வாயில் வெளியேறும், வெடிக்கு வெடி வேகம் மாறும்.

நான் சொன்ன இரண்டும் நடுவில் நிற்பவை, கூட்டையும் நன்றாக நிரப்புபவை. உள்ளே இடம் காலியாக இருந்தால், குழலைத் தாழ்த்தும்போது மருந்து குண்டுப் பக்கம் சரியும், நிமிர்த்தினால் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பக்கம் சரியும். பற்றும் விதமே மாறிவிடும்.

மெஷர்மணி:
எரிவேகம் பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் சிஎஃப்இ 223-உம் .308-க்கு லோடு புத்தகத்தில் (மருந்து அளவுகளின் பட்டியலில்) இருக்கிற மருந்துதானே?

வார்கெட்டை மெஷரில், அதாவது மருந்தைக் கன அளவால் அளந்து வீசும் கருவியில், கொட்டிக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். பாதி வழியில் 'கறுக்' என்று மாட்டும். உள்ளே சுழலும் டிரம்மின் விளிம்பு குச்சியை வெட்டுகிறது. அந்த வீச்சு 0.2, 0.3 கிரெயின் கூடவோ குறையவோ விழும். .308-இல் 0.1 கிரெயினுக்கு நொடிக்கு ஏறக்குறைய 5, 6 அடி வேகம். இரு பக்கமும் 0.3 என்றால் 30 அடிக்கு மேல் வித்தியாசம். உருண்டை தண்ணீர் மாதிரி இறங்கும், 0.1-க்குள் நிற்கும். அமெரிக்க ராணுவம் 7.62 எம்80 தோட்டாவுக்கு டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்தைத்தான் போட்டது.

தராசுமுள்:
எம்80 சாதாரணப் படைத் தோட்டா, மணி சார். குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கான எம்118 எல்ஆருக்குக் குச்சி மருந்து போட்டார்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

'கறுக்' பிரச்சினைக்கு வழி இருக்கிறது. மெஷரை 0.5 கிரெயின் குறைவாக வையுங்கள், தராசுத் தட்டில் வீசுங்கள், மீதியை டிரிக்லரால் (துகள்களைச் சிறிது சிறிதாக விடும் குழாயால்) ஒவ்வொன்றாக உருட்டி விடுங்கள். வார்கெட்டில் ஒரு குச்சியே சுமார் 0.02 கிரெயின்தான், நல்ல தராசு இருந்தால் ஒரு குச்சி வரை சரிசெய்யலாம்.

வெயிலுக்கு வருவோம். உருண்டை மருந்து பலவற்றிலும் வெப்பம் ஏற ஏற வேகமும் ஏறும். ஒரு பாரன்ஹீட் டிகிரிக்கு 1 அடி என்றே வைத்துக்கொள்வோம். காலை 40 டிகிரியில் சரிபார்த்த தோட்டா ஆகஸ்டில் 95 டிகிரியில் 55 அடி கூடுதலாகப் போகும். 600 கெஜத்தில் ஏறக்குறைய 5 அங்குலம் மேலே. எஃப் கிளாஸ் இலக்கில் அந்தத் தூரத்துக்குப் பத்து வளையத்தின் விட்டமே 6 அங்குலம். நடுவிலிருந்து 3 அங்குலம் தாண்டினால் பத்து போச்சு. அழுத்தமும் கூடவே ஏறும். குளிரில் உச்ச அளவு வரை ஏற்றியவர் கோடையில் போல்ட்டைத் தட்டித் திறக்க வேண்டியிருக்கும்.

மெஷர்மணி:
அழுத்தத்தைப் பற்றிச் சொன்னது சரி, அதை ஏற்கிறேன். ஆனால் 5 அங்குலம் மேலே போனால் எல்லாத் தோட்டாவும் ஒரே அளவு மேலே போகும். குழு விரியாது. அன்றைய வேகத்தைக் குரோனோகிராஃபில் (குண்டின் வேகமானியில்) பார்த்து ஸ்கோப்பின் திருகில் சில கிளிக் இறக்கினால் முடிந்தது.

தராசுமுள்:
காற்று குறையட்டும் என்று தோட்டாவைச் சூடான சேம்பரில் (குழலின் அடியறையில்) ஒரு நிமிடம் வைத்துக் காத்திருக்கிறீர்கள். அடுத்ததை உள்ளே தள்ளியதும் சுடுகிறீர்கள். இரண்டின் சூடும் ஒன்றா? அதற்கு எத்தனை கிளிக் இறக்குவீர்கள்?

சராசரி:
இருவருமே தோட்டாக்களை எண்ணாமல் பேசுகிறீர்கள். 10 அடி வேக வித்தியாசம் 100 கெஜத்தில் ஒரு அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கூட ஏற்ற இறக்கம் காட்டாது. தாளில் துளையின் விட்டமே 0.3 அங்குலம். 1,000 கெஜத்தில் அதே 10 அடி கிட்டத்தட்ட 4 அங்குலம். 100 கெஜத்துக் குழுவைப் பார்த்து 600-க்கு மருந்து தேர்ந்தெடுக்க முடியாது.

குரோனோகிராஃபில் 5 தோட்டா சுட்டு 'எஸ்டி 6' (வேகங்களின் திட்டவிலக்கம்) என்று படம் போடுகிறவர்கள் வேறு. 5 தோட்டாவில் 6 வந்தால், உண்மையான எஸ்டி 3.6 முதல் 17 வரை எங்கும் இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கையில். 20 தோட்டாவில் 6 வந்தால் அது 4.6 முதல் 8.8-க்குள் அடங்கும். வார்கெட் 6, சிஎஃப்இ 9, ஐந்தைந்து தோட்டா என்றால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மருந்துக்கு 20 சுட்டுவிட்டு வாருங்கள்.

நடுப்புள்ளி:
புரிகிறது. கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார்: எச் 4895 வந்திருக்கிறது, ஐஎம்ஆர் 4895-க்கான அளவையே அதற்கும் போடலாமாம். சரியா?

தராசுமுள்:
கூடாது! எண் ஒன்று, மருந்து வேறு. 4350-லும் இதே கதை: எச் 4350 வேறு, ஐஎம்ஆர் 4350 வேறு. டப்பாவில் உள்ள முழுப் பெயருக்கு நேரே லோடு புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அளவு.

விதிவிலக்கு எச் 4831-உம் எச் 4831 எஸ்சி-யும். எஸ்சி குச்சி நீளம் குறைந்தது, மெஷரில் இறங்க எளிது, அளவு ஒன்றே. வார்கெட்டும் ஆஸ்திரேலியாவின் ஏஆர் 2208-உம் ஒரே மருந்து, இரண்டு பெயர்.

மெஷர்மணி:
இதில் சண்டை இல்லை. உருண்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: துகளின் மேலே எரிவைத் தாமதிக்கும் தடுப்புப் பூச்சு கனமாக இருப்பதால் குளிரில் பற்றுவதற்குச் சுணங்கும். புத்தகம் மேக்னம் (வலுவான) பிரைமர் சொன்னால் மேக்னம் பிரைமரே. பிரைமரை மாற்றியதும் பழைய அளவில் தொடராமல், தொடக்க அளவுக்கு இறங்கி 0.3 கிரெயினாக ஏறுங்கள். போல்ட் இறுகினாலோ, கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் முள்) தழும்பு தெரிந்தாலோ நிறுத்துங்கள். அடையாளம் கண்ணில் படும்போது வரம்பு ஏற்கெனவே தாண்டியிருக்கும்.

சராசரி:
லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணை விட்டுவிட்டீர்களே. ஒரே மருந்து, வேறு லாட் என்றால் எரிவேகம் சற்று மாறும். 42 கிரெயின் என்று கணக்குக்கு வைத்தால் ஒரு பவுண்டில், அதாவது 7,000 கிரெயினில், 166 தோட்டா. சோதனைக்கே 60 போய்விடும். அதனால் முதல் பவுண்டு பிடித்திருந்தால் 8 பவுண்டு ஜாடி ஒன்றை ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள், 1,333 தோட்டாவுக்கு வரும். புது ஜாடியைத் திறந்ததும் மறுபடி கீழிருந்து.

தராசுமுள்:
தராசைப் பற்றியும். 0.1 காட்டும் எலக்ட்ரானிக் தராசை அரை மணி நேரம் முன்பே போட்டுச் சூடேற்றுங்கள். ஏசி காற்று தட்டில் படக்கூடாது, செல்போன் பக்கத்தில் வேண்டாம். 20 தோட்டாவுக்கு ஒருமுறை சோதனைக் கல்லை வைத்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் அந்த இருபதையும் மறுபடி எடை போடுங்கள்.

மெஷர்மணி:
வேலை முடிந்ததும் மெஷரின் ஹாப்பரில் (மேல் தொட்டியில்) மீதியை விட்டுப் போகாதீர்கள். மறுநாள் அது எந்த மருந்து என்று சத்தியம் செய்து சொல்ல யாராலும் முடியாது. நைட்ரோகிளிசரின் கலந்ததாக இருந்தால் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். அன்றே அதன் சொந்த டப்பாவுக்குத் திருப்பிக் கொட்டுங்கள்.

நடுப்புள்ளி:
வார்கெட் ஒரு பவுண்டு வாங்குகிறேன்; தொடக்க அளவிலிருந்து 0.3-ஆக ஏறி, கடைசியில் நிற்கிற அளவில் 20 தோட்டா குரோனோகிராஃபில். மணி சார், மெஷரின் 'கறுக்'கைக் கேட்டுச் சொல்கிறேன்.