புதுப்பிப்பு: கேக் தட்டில் கறள்

மாரி தொடங்க முதல், கேக் தட்டுகள் கறள் பிடிப்பதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். கிளிநொச்சியில் மழை விட்டபாடில்லை, தட்டுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

இருந்த கறளை வினாகிரியில் ஊறவிட்டுத் தும்பால் தேய்த்தேன், போய்விட்டது. கம்பித்தும்பு வேண்டாம், மேற்பூச்சையே வழித்துவிடும்.

கள்ளன் இருப்பது விளிம்பு மடிப்பில். துடைத்த தட்டையும் சரித்துத் தட்டிப் பாருங்கள், ஒரு துளி சொட்டும். இப்போது கழுவிய கையோடு, கேக் எடுத்த ஓவனின் மிச்சச் சூட்டிலேயே வைத்து உலர்த்துகிறேன்.

தேங்காய் எண்ணெய் பூசச் சொன்ன அக்கா, நீங்கள் சொன்னது சரி. ஆனால் மெல்லிசாகப் பூசுங்கள், கனக்கப் பூசினால் பிசுபிசுத்துக் காறல் மணம் வரும். அலுமினியத் தட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை, அது கறள் பிடிக்காது.

அப்புறம், ஈரம் காயாமல் பொலித்தீனில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே வியர்க்கும்.