நெபுலைசர் கப் ரெண்டு மாசத்துலயே அடைச்சுக்குது, காத்து வருது புகை வரமாட்டேங்குது, என்ன பண்றது?

கோத்தகிரி_மழை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) கீழ இருக்கோம். பொண்ணுக்கு 6 வயசு, கைக்குழந்தையா இருக்கும்போதிருந்தே வீசிங். ஐப்பசி மழை ஆரம்பிச்சா போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு இழுக்க ஆரம்பிச்சிடும். டாக்டர் சொல்லி வீட்டுக்கே நெபுலைசர் (மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சுல இழுக்க விடுற மெஷின்) வாங்கிட்டோம், ஒன்றரை வருஷம் ஆச்சு. கம்ப்ரெசர் டைப் தான், டப்பா மாதிரி இருக்கும், சத்தம் போடுமே அது.

பிரச்சனை என்னன்னா இப்ப கொஞ்ச நாளா மருந்து ஊத்துற கப் ரெண்டு மாசம் கூட தாங்க மாட்டேங்குது. முதல்ல எட்டு நிமிஷத்துல மருந்து முடிஞ்சிடும், இப்ப இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுது, அதுக்குள்ள பாப்பா மாஸ்க்கோடவே தூங்கிடுறா. மெஷின் சத்தம் அப்படியே தான் இருக்கு, டியூபை கழட்டி கையில வச்சுப் பாத்தா காத்தும் வருது. கடையில கேட்டா "கப் மாத்துங்க"ன்னு ஒரே வார்த்தை. இது மூணாவது கப், ஒவ்வொரு தடவையும் முன்னூறு ரூபா கிட்ட ஆகுது.

நேத்து கப்பை பிரிச்சு ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். நடுவுல கூம்பு மாதிரி எழுந்து நிக்குதே, அதோட நுனியில வெள்ளையா, பால் காஞ்சு ஒட்டுன மாதிரி ஒரு படலம். ஓட்டையே தெரியல. வீட்டுக்காரர் குண்டூசியால குத்திடலாம்னார், நான் தான் வேணாம்னு பிடுங்கி வச்சிருக்கேன். அத்தை என்னடான்னா தைலம் ரெண்டு சொட்டு கப்புல விட்டா அடைப்பும் போகும் நெஞ்சு சளியும் போகும்ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல.

நான் பண்றது இவ்வளவு தான்: மருந்து முடிஞ்சதும் குழாய்த் தண்ணில அலசிட்டு ஜன்னல் திண்டுல வச்சிடுவேன். காலைல பாத்தா உள்ள தண்ணி அப்படியே முத்து முத்தா நிக்கும், அப்படியே மூடி எடுத்து வச்சிடுவேன். எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க.

லவ்டேல்காரன்:
மொதல்ல அந்த குண்டூசியை தூரப் போடுங்க அக்கா. அந்த ஓட்டை வழியா கம்ப்ரெசர் காத்து வேகமா வெளிய வரும்போது பக்கத்துல அழுத்தம் குறையும், அதனால தான் கப்புல இருக்கிற மருந்து தானா மேல ஏறும், ஏறி எதிர்ல இருக்கிற தடுப்புல மோதி பொடிப் பொடியா உடையும். 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அளவுல உடைஞ்சா தான் சின்ன மூச்சுக்குழாய் வரைக்கும் போகும். ஊசி விட்டு ஓட்டையை கொஞ்சம் பெருசாக்கிட்டீங்கன்னா புகை வர்ற மாதிரி தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா துளி பெருசாகி வாயிலயும் தொண்டையிலயும் நின்னுடும், மருந்து போய் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. எனக்கு 12 வயசுல இருந்து ஆஸ்துமா, ஊசி குத்தி கெடுத்த கப்பு நானே ரெண்டு வச்சிருந்தேன்.

உங்க கப்புல இருக்கிற வெள்ளைப் படலம் புடசொனைடா (மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு மருந்து) இருக்கும்னு தோணுது, பாப்பாவுக்கு பால் கலர்ல ஒரு மருந்து குடுக்கிறீங்களா? அது தண்ணியில முழுசா கரையுற மருந்து இல்ல, மிதக்குற தூள் தான். வெறும் குழாய்த் தண்ணி அலசல்ல அது போகாது. ஒவ்வொரு தடவையும் மிச்சம் கொஞ்சம் காஞ்சு ஒட்டி ஒட்டி தான் நீங்க பாத்த படலம்.

பண்ண வேண்டியது, மருந்து முடிஞ்ச கையோட, அது காயறதுக்கு முன்னாடியே, கப்பை முழுசா பிரிச்சு வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு விட்டு ஊற வைங்க, அப்புறம் நல்லா அலசுங்க. உள்ள ஒரு குட்டி கூம்பு தனியா கழன்டு வரும் சில மாடல்ல, சிங்க்ல அதை விட்டுடாதீங்க. அது இல்லாம மூடினா காத்து வரும், ஒரு பொட்டு புகை வராது. நிறைய பேர் மெஷின் போச்சுன்னு மேட்டுப்பாளையம் வரைக்கும் தூக்கிட்டுப் போவாங்க, பாத்தா அந்த கூம்பு வீட்டு சிங்க் ஜாலியில கிடக்கும்.

மலைச்சாரல்:
கூம்பு விஷயம் ரொம்ப சரி. எங்க வீட்லயும் நடந்துச்சு.

ஒரு சந்தேகம், வெளிநாட்டுல இருந்தப்ப நான் இ-சிகரெட் பிடிச்சவன், இப்ப விட்டாச்சு. அதுல ஆட்டமைசரை (திரவத்தை ஆவியாக்குற பாகம்) ஸ்பிரிட்ல ஊற வச்சு காய வச்சா காயில் ரொம்ப நாள் வரும். இந்த கப்பையும் அந்த மாதிரி ஸ்பிரிட்ல போடலாமா?

ஊட்டி_சிஸ்டர்:
நான் நர்ஸா இருக்கேன், 17 வருஷம் ஆச்சு, குழந்தைங்க வார்டு. முதல்ல மலைச்சாரல் அண்ணாவுக்கு: ரெண்டும் வேற வேற. இ-சிகரெட்ல கம்பிச் சுருள் சூடாகி திரவத்தை ஆவியாக்குது, சர்க்கரையும் ஃப்ளேவரும் கருகி காயில்ல ஒட்டுது, அதைத் தான் நீங்க கரைச்சீங்க. நெபுலைசர்ல சூடே கிடையாது, காத்து தான் உடைக்குது, கருகுறதுக்கு ஒண்ணும் இல்ல. இங்க ஒட்டுறது மருந்தும் தண்ணி உப்பும் தான், அதுக்கு சோப்பும் வெந்நீரும் போதும். ஸ்பிரிட் பட்டா சில பிளாஸ்டிக் மெல்லிசா வெடிப்பு விடும், மானுவல்ல அப்படி பண்ணலாம்னு போட்டிருந்தா மட்டும் பண்ணுங்க. நம்ம நாட்டுல இ-சிகரெட்டை 2019ல சட்டம் போட்டு தடை பண்ணிட்டாங்க, விக்கிறது மட்டுமில்ல ஸ்டாக் வைக்கிறதும் குத்தம், நீங்க விட்டது நல்லது.

இப்ப கோத்தகிரி அம்மாவுக்கு. தைலத்தை கப்புல விடவே விடாதீங்கம்மா. அத்தை அக்கறையில தான் சொல்றாங்க, நம்ம ஊர்ல கப்பூர மரத்துத் (யூகலிப்டஸ்) தைலம் இல்லாத வீடு இல்ல, நெத்தியில தேச்சு வளர்ந்தவங்க தான் நாம எல்லாரும். ஆனா எண்ணெய் நுரையீரலுக்குள்ள நேரா போனா அவ்வளவு சுலபமா வெளிய வராது, அதனாலயே ஒரு வகை நிமோனியா வரலாம். வீசிங் குழந்தைக்கு அந்த வாசனையே மூச்சுக்குழாயை இறுக்கிடலாம். கப்பு பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகும். கப்புல போக வேண்டியது டாக்டர் எழுதின மருந்து, அளவு போதலன்னா அவங்க சொன்ன நார்மல் சலைன் (மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்டெரைல் உப்பு நீர்), அவ்வளவு தான். குடிக்கிற தண்ணி, பேட்டரி தண்ணி எதுவும் கூடாது.

அடுத்தது நீங்க எழுதுனதுல எனக்குப் பெருசா பட்டது அந்த "முத்து முத்தா நிக்கும், அப்படியே மூடி வச்சிடுவேன்". அங்க தான் தப்பு. மருந்துப் படலம் மிஷினை மெதுவாக்குது, ஈரம் கிருமி வளர்க்குது. அந்தக் கிருமியைத் தான் அடுத்த தடவை பாப்பா நெஞ்சுக்குள்ள அனுப்புறோம். கீழ கோயம்புத்தூர்ல திண்டுல வச்சா ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். இங்க மிஸ்ட் உள்ள வர்ற வீட்ல துணியே மூணு நாள் காயாது, கப்பு எப்படி காயும். அதனால கழுவி உதறிட்டு, டியூபை மாட்டி கப்பு காலியா இருக்கும்போதே மெஷினை ஒரு ரெண்டு மூணு நிமிஷம் ஓட விடுங்க. அந்த குட்டி ஓட்டையில நிக்கிற தண்ணி எல்லாம் காத்தே தள்ளிடும். அப்புறம் பிரிச்சு சுத்தமான வெள்ளைத் துணி மேல கவுத்து, அடுப்படியில சூடு இருக்கிற பக்கமா வைங்க, அடுப்பு மேல இல்ல, பக்கத்துல. முழுசா காஞ்ச பிறகு தான் டப்பாவுல போடணும்.

தினமும் ஒரு தடவை கிருமி போக கொதிக்க வைக்கணும், கப்பு கொதிநீர் தாங்கும்னு மானுவல்ல இருந்தா மட்டும். மாஸ்க்கையும் டியூபையும் போடாதீங்க, நெளிஞ்சிடும். கொதிக்க ஆரம்பிச்சதுல இருந்து 5 நிமிஷம்னு சொல்லுவாங்க. ஊட்டி மாதிரி 2200 மீட்டர்ல தண்ணி 100 டிகிரியில இல்ல, 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால நான் எங்க வார்டு அம்மாக்களுக்கு பத்து நிமிஷம்னு சொல்றது வழக்கம். பாத்திரத்து அடியில பிளாஸ்டிக் ஒட்டாம ஒரு துணி போட்டுக்கோங்க.

வினிகர்ல ஊற வைக்கிறதை சில மானுவல்ல போட்டிருப்பாங்க, உப்புப் படலம் கரைய அது நல்லது தான், கிருமிக்கு அதை மட்டும் நம்பாதீங்க.

இதையும் எழுதிடறேன். மெஷின் சரியா வேலை செய்யலன்னு சந்தேகம் வந்த ராத்திரி கப்பை பிரிச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காதீங்க. விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள குழியுது, பேச முடியல, உதடு நீலமா தெரியுதுன்னா உடனே 108. மலை ரோட்ல ஆம்புலன்ஸ் வர நேரமாகும், அதனால சீக்கிரமே கூப்பிடுங்க.

கூடலூர்_பச்சத்தேயிலை:
எங்க கூடலூர்ல ஆனி ஆடி மழைன்னா கேக்கவே வேண்டாம், ஒரு மரம் கம்பி மேல விழுந்தா ரெண்டு நாள் கரண்டு இல்ல. அதனால நாங்க மெஷ் டைப் வாங்கினோம், கையில பிடிக்கிறது, பேட்டரியில ஓடும், சத்தமே இல்ல. அப்பாவுக்கு. ஆனா அது இன்னும் ரோஷக்கார சாமான். உள்ள ஒரு மெல்லிசு தகடு, அதுல கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான ஓட்டை, அது அதிர்ந்து தான் மருந்து தெறிக்குது. தம்பி அதை காது குடையுற பட்ஸ் வச்சு துடைச்சான், அன்னையோட தகடு போச்சு, தகடு மட்டும் தனியா மாத்த ஆயிரத்துக்கு மேல. விரல் கூட படக்கூடாது. மருந்து முடிஞ்ச உடனே மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்டெரைல் வாட்டர் கொஞ்சம் ஊத்தி ஒரு நிமிஷம் ஓட விட்டா தானா கழுவிக்கும், கிணத்துத் தண்ணி ஊத்தினா அந்த உப்பே அடைச்சுக்கும். புடசொனைடு குடுக்கிறவங்க எந்த மெஷின்னாலும் டாக்டரைக் கேட்டுட்டு வாங்குங்க, அல்ட்ராசோனிக்ல (ஒலி அதிர்வால மருந்தை உடைக்கிற இன்னொரு வகை நெபுலைசர்) அந்த மருந்து சரியா போகாதுன்னு எங்க டாக்டர் சொன்னார்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு, மெஷினுக்கு ஒரு ஃபில்டர் இருக்கும், காத்து உள்ள இழுக்கிற இடத்துல வட்டமா ஒரு சின்ன மூடி, திறந்தா வெள்ளைப் பஞ்சு. எங்க பழைய கம்ப்ரெசர்ல அதைத் திறந்தப்ப கரி மாதிரி கறுப்பு. யோசிச்சா, குளிருக்கு கும்முட்டி அடுப்பு வச்ச ரூம்லயே மெஷினை ஓட்டியிருக்கோம். அந்தப் புகையைத் தான் மெஷின் உள்ள இழுத்து அப்பா மூக்குல விட்டிருக்கு. அன்னையில இருந்து கும்முட்டி அந்த ரூமுக்குள்ள வர்றதில்ல, மூடின ரூம்ல கரி எரிச்சா விஷக் காத்து வேற. பஞ்சு கலர் மாறினா மாத்தணும், கழுவிப் போடக்கூடாது.

கோத்தகிரி_மழை:
சிஸ்டர், அண்ணா, எல்லாருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்ல. ஆமா, பால் கலர் மருந்து தான் காலைலயும் ராத்திரியும். இன்னைக்கு ஊற வச்சேன், ஒரு மணி நேரம் கழிச்சு விரலால லேசா தேச்சதும் அந்த வெள்ளை தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. பத்து நிமிஷம் கொதிக்க விட்டேன். ஃபில்டர்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு இன்னைக்குத் தான் தெரியும், மூடியைத் திறந்தா சாம்பல் கலர்ல இருக்கு. மெஷினை கட்டில் மேல கம்பளியில வச்சுத் தான் ஓட்டுவோம், அது தான் பஞ்சு நூலெல்லாம் போயிருக்கு போல.

டியூபுக்குள்ளயும் நீர் கோத்த மாதிரி மங்கலா இருக்கு, அதையும் கழுவணுமா?

லவ்டேல்காரன்:
டியூபுக்குள்ள தண்ணி விடாதீங்க, காயவே காயாது. கப்பைக் கழட்டிட்டு வெறும் டியூபோட கொஞ்ச நேரம் மெஷின் ஓட்டுங்க, ஈரம் போயிடும். கறுப்பாவோ பச்சையாவோ புள்ளி தெரிஞ்சா புதுசு மாத்திடுங்க. மெஷினை மேஜை மாதிரி கெட்டியான இடத்துல வைங்க. விடாம ஓட்டவும் கூடாது, சில மாடல்ல 20 நிமிஷம் ஓட்டினா 40 நிமிஷம் நிறுத்தணும்னு போட்டிருப்பாங்க, நீங்க இருபத்தஞ்சு நிமிஷம் ஓட்டுனதுல மோட்டாரும் சூடாகியிருக்கும்.

இன்னொரு கப்பு வாங்கி வச்சுக்கோங்க. ஒண்ணு காயும்போது ஒண்ணு ஓடட்டும். முன்னூறு ரூபா இன்னொரு தடவை போகுதேன்னு இருக்கும், ஆனா ரெண்டும் சேந்து எனக்கு ஒரு சீசன் முழுக்க வருது.

ஊட்டி_சிஸ்டர்:
புடசொனைடு குடுத்ததும் பாப்பா வாயைக் கொப்பளிக்க வைங்க, மாஸ்க் பட்ட முகத்தையும் துடைச்சு விடுங்க, இல்லன்னா நாக்குல வெள்ளையா புண் வரலாம். அடுத்த தடவை டாக்டரைப் பாக்கும்போது இன்ஹேலர் கூட ஸ்பேசர் (இன்ஹேலர் முன்னாடி மாட்டுற பிளாஸ்டிக் குழல்) வச்சுக் குடுக்கலாமான்னு கேளுங்க, நிறைய குழந்தைங்களுக்கு அதுவே போதுது, கரண்டும் வேணாம். ஸ்பேசரைக் கழுவினா மட்டும் துணியால துடைக்காம தானா காய விடணும், துடைச்சா உள்ள நிலை மின்சாரம் (உரசுறதால வர்றது) ஏறி மருந்து அதோட உள்சுவர்ல ஒட்டிக்கும்.

கோத்தகிரி_மழை:
கேக்கறேன் சிஸ்டர். ராத்திரி குடுத்தாச்சு, கடிகாரத்தைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன், ஒன்பது நிமிஷத்துல கப்பு கரகரன்னு சத்தம் போட்டு முடிஞ்சுது. அடியில கொஞ்சம் மருந்து நிக்குது, அது நிக்கத் தான் செய்யுமா?

ஊட்டி_சிஸ்டர்:
நிக்கும்மா, அரை மில்லி, ஒரு மில்லி எப்பவும் மிஞ்சும். அதை சேத்து வைக்காம கொட்டிட்டு உடனே கழுவிடுங்க.