ருசுலா காளானையும் வெள்ளைக் குங்கிலிய மரத்தையும் எண்ணிக்கையில் ஒப்பிடலாமா?

சோலைத்தடம்:
மேற்குத் தொடர்ச்சி மலைப் பசுமைமாறாக் காட்டில் ஒரு எக்டேர் கணக்கெடுப்பு. வெள்ளைக் குங்கிலியம் (வாட்டீரியா இண்டிகா) 14 மரம். அதே மரங்களுக்கடியில் சிவப்புத் தொப்பி ருசுலா ஒரே நாளில் 60. மரத்துக்கு அழிவு அபாயம், காளானுக்கு இல்லை என்று எழுதிவிடலாமா?

வேர்முனை:
வேண்டாங்க. 60 என்பது மண்ணுக்கு மேலே தெரியும் குடைகளின் கணக்கு, மரத்தில் காயை எண்ணுவது மாதிரி. காளானின் உடல் மண்ணுக்குள் ஓடும் இழைதான். ஒரே இழைத்தொகுதி பல குடைகளை விடும். 60 குடைக்கும் கீழே இரண்டு மூன்று உயிர்களே இருக்கலாம். மரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்க. அடி பருத்திருந்தால் பருமன் முடியும் இடத்துக்கு மேலே. பூத்துக் காய்க்கும் மரத்தை மட்டும் எண்ணி, கன்றுகளைத் தனியாக எழுதுங்க.

மழைக்குடை:
அதற்கும் முன்னால், "சிவப்புத் தொப்பி" என்பது இனமே ஆகாது. நல்ல மழையில் அந்தச் சிவப்பு வெளுத்துவிடும். தண்டை ஒடித்துப் பாருங்கள்: நாரில்லாமல் சுண்ணக்கட்டி மாதிரிப் பட்டென்று உடைந்தால் ருசுலா வகை, பால் கசிந்தால் லாக்டேரியஸ் வகை. தொப்பியை வெட்டி, அடிப்பக்க மடிப்புகள் (செவுள்) கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓர் இரவு மூடி வையுங்கள். படியும் தூள் வெள்ளையா, பாலேடு நிறமா, மஞ்சளா என்பது ருசுலாவில் முக்கியம். பிறகு 40 டிகிரியில் மொறுமொறுவென்று காயும்வரை உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் மறுநாளே புழுவும் அழுகலும்தான்.

வேர்முனை:
ஒப்பிடணும்னா பரப்பை வைத்து ஒப்பிடுங்க. ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) முறையில் மரம், காளான் இரண்டுக்குமே வரைபடத்தில் 2 கிலோமீட்டர்க்கு 2 கிலோமீட்டர் கட்டம்தான். வாழும் கட்டங்களின் மொத்தப் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்து, கூடவே வாழிடத் துண்டாடலும் தொடர்ந்த சரிவும் இருந்தால் "அருகிவரும் இனம்" நிலை.

சோலைத்தடம்:
மழை பொய்த்த வருஷம் குடையே வரலைன்னா அந்தக் கட்டத்தைக் கணக்கிலிருந்து அடிச்சிடணுமா?

மழைக்குடை:
கூடாது. இழை உயிரோடுதான் இருக்கும். குடை ஏறி இறங்குவதை இனத்தின் ஏற்ற இறக்கமாகக் கொள்ளக்கூடாது. மூன்று மழைக்காலமாவது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். குடை இல்லாதபோதும், குங்கிலியக் கன்றின் மெல்லிய பக்கவேரைக் கழுவி லென்ஸில் பார்த்தால், காளான் பற்றிய நுனி வேர்த்தூவி இல்லாமல் உறை போட்டுத் தடித்திருக்கும். எந்தக் காளான் என்பதை அந்த நுனியின் டிஎன்ஏதான் சொல்லும். மரத்தை வெட்டிவிட்டால் இந்த வேர்நுனிகளும் சாகும், காளான் அவற்றின் வழியே மரத்திடம் வாங்கிவந்த சர்க்கரையும் நின்றுபோகும். அதனால் காளான் பதிவு ஒவ்வொன்றிலும் எந்த மரம், எத்தனை மீட்டர் தள்ளி என்று கட்டாயம் குறியுங்கள்.